டார்ச்சுக்குள்ள சாக்லேட் காகிதம்

நடுவர் ஐயாவுக்கும், சால்வைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கொடைக்கானல் மக்களுக்கும் வணக்கம். ‘சின்னஞ்சிறு பிள்ளைக்கு அறிவைத் தருவது ஏடா, கையா?’ கைதான்! இப்போ தட்டினீங்களே, அதுவும் எங்க அணிக் கணக்குத்தான்.

எதிரணித் தங்கச்சி என்ன சொன்னாங்க? “அஞ்சு வயசுப் பிள்ளை கையில திருப்புளியக் கொடுத்தா, பழைய இரும்புக் கடைதான் வைக்கும்.” ஏம்மா, பழைய இரும்புக்காவது பேரீச்சம்பழம் கிடைக்கும். நீங்க மனப்பாடம் பண்ண வெச்ச ரைம்ஸை எந்த வண்டிக்காரர் எடுப்பாரு?

பூம்பாறையில எங்க அக்கா வீடு. அவ மகன் அங்கன்வாடி போற பய. வீட்டுல இருந்த ஒரே டார்ச்சைக் கழட்டித் திரும்ப மாட்டிட்டான். ஸ்பிரிங் மட்டும் காணோம். அக்கா அவன் முதுகுல ரெண்டு வெச்சா. அன்னிக்கு ராத்திரி மழை, கரண்ட் இல்ல. வாசல்ல ‘புஸ்ஸு’ன்னு மூச்சு. மாமாவா? மாமா அவ்வளவு பெரிசா மூச்சு விட மாட்டாரு. காட்டுமாடு! கேரட் தோட்டத்துக்கு விருந்துக்கு வந்திருக்கு. மாமா டார்ச்சை அமுக்குறாரு, தட்டுறாரு, திட்டுறாரு. எரியல. பய என்ன பண்ணான்? தலையணைக்கு அடியில ஒளிச்சு வெச்ச சாக்லேட் காகிதம், அந்தப் பளபளா அலுமினியத் தாள், அதை உருட்டி பேட்டரிக்குப் பின்னால திணிச்சு மூடியைத் திருகினான். வெளிச்சம்!

காட்டுமாடு ஓடிச்சா? எங்க ஓடிச்சு! கேரட்டைத் தின்னுட்டுதான் போச்சு. ஆனா மாமா அது தின்னதைத் தெளிவாப் பார்த்தாரு! சாக்லேட் எப்போ வாங்கினான், யார் காசுல வாங்கினான், அது வேற வழக்கு. பேட்டரியும் மூடியும் தொட்டாத்தான் கரண்ட் ஓடும்னு அவனுக்கு யாரு தங்கச்சி பாடம் எடுத்தா? அக்கா வெச்ச ரெண்டா?

உலகப் போர் நேரத்துல, எதிரி நாட்டு இத்தாலிக்காரங்கன்னு வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போக விடாம நிறுத்தி வெச்ச மரியா மாண்டிசோரி அம்மா, 1942ல இருந்து 1944 வரைக்கும் இதே கொடைக்கானல்லதான் இருந்தாங்க. 1907ல ரோம்ல பள்ளி தொடங்கின டாக்டரம்மா. பிள்ளைங்க கையால செஞ்சு கத்துக்கிற அவங்க முறையில ஒரு கட்டை இருக்கு: பத்து அளவுல பத்துக் குழி, அதுக்கேத்த பத்து மர உருளை. தப்பான குழியில போட்டா கடைசியில ஒண்ணு மிஞ்சும். டீச்சர் திட்ட வேணாம், கட்டையே சொல்லிடும்.

அம்மாக்களே, உங்க பிள்ளை முதன்முதலா சோத்தைப் பிசைஞ்சு உங்க வாயில ஊட்டுச்சே, ஞாபகம் இருக்கா? பாதி மூக்குல, பாதி புடவையில. ‘சிந்தாதே’ன்னு அடிச்சீங்களா? அழுதீங்க. எங்கம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க. அதே கை டார்ச்சைத் தொட்டா மட்டும் ஏங்க அடிக்கிறீங்க?

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, இறங்கிடறேன். மூணாவது வரிசையில ஒரு அக்கா கண்ணைத் துடைக்கிறாங்க பாருங்க. தீர்ப்பை அவங்ககிட்டயே கேட்டுக்குங்க!