வெள்ளி வரையா, வெள்ளிக்குள்ளா?

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில், தேக்கா வட்டாரத்துக்கு அருகில், மாலை நேரங்களில், பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். வாக்கியத்தைத் துணிந்து தொடங்குபவர்கள்கூட 'இன்', 'ஆன்', 'அட்' என்னும் சின்னஞ்சிறு முன்னிடைச்சொற்கள் வரும் இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு செய்யும் வேலையை, ஆங்கிலம் பல சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவற்றைப் பெயருக்கு முன்னால் நிறுத்துகிறது.

ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் லிட்டில் இந்தியாவில் இருக்கிறது, சிராங்கூன் சாலையில் இருக்கிறது, 141ஆம் எண்ணில் இருக்கிறது. நமக்கு மூன்றும் 'இல்'தான். ஆங்கிலத்தில் சூழ்ந்திருக்கும் வட்டாரத்துக்கு 'இன்', நீண்டு செல்லும் சாலைக்கு 'ஆன்', ஒரு புள்ளியாக நிற்கும் கதவெண்ணுக்கு 'அட்'. சாலைக்கும் 'இன்' போடும் பிரிட்டிஷ் வழக்கு உண்டு, அது பிழையன்று. வாகனங்களில், டாக்சிக்கு 'இன்'. எழுந்து நடக்க இடமுள்ள பேருந்துக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் 'ஆன்'.

இவற்றில் தவறினாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். காலத்தைச் சொல்லும்போது தவறினால் பொருளே மாறிவிடும். என் மாணவர் ஒருவர், வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருக்கமாட்டேன் என்று மேலாளருக்குத் தெரிவிக்க நினைத்து, 'அன்டில்' வரவேண்டிய இடத்தில் 'பை' என்று எழுதிவிட்டார். வெள்ளிக்குள் கிளம்பிவிடுவார், அதற்கு முன்பு வேலைக்கு வருவார் என்று புரிந்துகொண்ட மேலாளர், புதன்கிழமைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார். இதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. ஏனெனில் இந்த வேறுபாடு அவருக்குத் தமிழில் நன்றாகவே தெரியும். வெள்ளி வரை கடையைத் திறந்து வைப்பதும் வெள்ளிக்குள் வாடகையைக் கட்டுவதும் ஒன்றென்று நம்மில் யாரும் நினைப்பதில்லை. நீடிக்கும் நிலைக்கு 'வரை', அதுவே 'அன்டில்'. ஒருமுறை நடந்து முடியும் செயலுக்குக் 'குள்', அதுவே 'பை'.

ஆயினும் எல்லாக் 'குள்'ளும் 'பை' ஆகிவிடாது. கெடு ஒரு குறிப்பிட்ட நாளாக இருந்தால் 'பை'. மூன்று நாள், ஒரு வாரம் என்று கால அளவாக இருந்தால் 'விதின்'. அந்த இடத்தில் 'இன்' போட்டு, மூன்று நாளில் வருகிறேன் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால், மூன்று நாள் கழித்து வருவார் என்றே பொருள். குழாய் பழுதுபார்க்க வருபவர் அப்படிச் சொல்லியிருந்தால், நாளைக்கே விடுப்பு எடுத்து வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.