பங்குனியில் பெரும்பாக்கம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக்காரர்களிடம் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் வேடந்தாங்கல் என்பார்கள். ஊருக்குள்ளேயே என்றால் பள்ளிக்கரணை. 2022-இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்ததிலிருந்து அந்தப் பெயர் எல்லோருக்கும் பழகிவிட்டது. அதை ஒட்டினாற்போல, சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலையோரம் இருக்கிற பெரும்பாக்கம் சதுப்புநிலத்தை, தினமும் பஸ்ஸில் கடக்கிறவர்கள்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

வலசைப் பறவைகளா, மார்கழி, தையில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். கூட்டம் அப்போது அதிகம்தான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால் மாசிக் கடைசியும் பங்குனியும்தான். ஊர் திரும்புமுன் பல பறவைகள் கல்யாணக் கோலத்துக்கு மாறுகிற சமயம் அது.

நீலச்சிறகி என்ற சின்ன வாத்து. சைபீரியா வரைக்கும் போய் முட்டையிடுகிற இனம். ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் ஆண் எது, பெண் எது என்று பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும், எல்லாமே பழுப்பு. மாசியில் பாருங்கள், ஆணின் முகம் செம்பழுப்பாகி, கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை ஒன்று பிடரி வரை வளைந்து இறங்கியிருக்கும். பைனாகுலர் இல்லாமலே தெரியும். வண்டிச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால் காது கொடுங்கள். சீப்பின் பல்லில் நகத்தை இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு கேட்டால், அது அந்த ஆண் வாத்துதான்.

தண்ணீருக்கு மேலே மீசை ஆலா என்ற நீர்ப்பறவைகள் பறந்துகொண்டிருக்கும். வெளிர் சாம்பலாக இருந்தவற்றில் சிலவற்றுக்கு இப்போது தலை கறுத்து, வயிறும் புகை நிறமாகி, கன்னம் மட்டும் வெள்ளையாய் மின்னும்.

தண்ணீர் வற்றிக் கிடக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள். சேறு வெளியே வந்தால்தான் உள்ளான்களுக்கு, அதாவது சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளுக்கு, சாப்பாடு. நீண்ட பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும்; அதனால் காலையில் தலை நிமிராமல் மேயும். செங்கல் நிறம் ஏறத் தொடங்கிய கருவால் மூக்கன் என்ற நீண்ட அலகுப் பறவை, அலகை அடி வரைக்கும் சேற்றில் செருகித் துழாவும்.

விடிந்ததும் போய்விடுங்கள். எட்டரை, ஒன்பது தாண்டினால் கானல் எழும்பி எல்லாம் நெளியும். லாரிச் சத்தத்துக்கு அசையாத பறவைகள், நீங்கள் கரையிலிருந்து ஓரடி உள்ளே வைத்தால் மொத்தமாக எழும்பிவிடும். ஆகவே கரையோடு நில்லுங்கள். லாரி போகிற சாலை, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் வாத்துகளில் பெரும்பாலானவை கிளம்பியிருக்கும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. வணக்கம்.