சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது இரண்டே நாள்

வணக்கம். சூரியன் எங்கே உதிக்கிறது என்று கேட்டால், இங்கே இருக்கும் எல்லோரும் 'கிழக்கில்' என்றுதான் சொல்வீர்கள். பள்ளியில் நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அது நேர்கிழக்கில் உதிப்பது ஆண்டுக்கு இரண்டே நாள்: மார்ச் 20ஐ ஒட்டி ஒரு நாள், செப்டம்பர் 22 அல்லது 23இல் இன்னொரு நாள். மற்ற நாள்களில் வடக்கே தள்ளியோ தெற்கே தள்ளியோதான் உதிக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நான் ஓர் ஆண்டு முழுக்க மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று குறித்துவைத்தேன். டிசம்பரில் தூரத்துச் செல்போன் கோபுரத்துக்கு வலப்பக்கம் எழுந்த சூரியன், ஜூனில் அதைத் தாண்டி இடப்பக்கம் வெகுதூரம் போயிருந்தது. அப்புறம் திரும்பி வந்தது. என்னை அதிகம் கவர்ந்தது அதன் வேகம்தான். மார்ச் மாதத்தில் உதயப்புள்ளி, சூரியனுடைய அகலத்தில் முக்கால் பங்காவது தினமும் நகரும். டிசம்பர் 21ஐ ஒட்டியோ நாள்கணக்கில் அங்கேயே நிற்பதுபோல் தோன்றும். ஊஞ்சல் கோடியில் ஒரு கணம் நின்று திரும்புமே, அதைப்போல.

பெரு நாட்டில் சாங்கியோ என்ற இடத்தில், ஒரு குன்றின் முதுகில் வரிசையாக 13 கோபுரங்கள் நிற்கின்றன. ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் கட்டியவை. உரிய இடத்தில் நின்று பார்த்தால், ஆண்டு முழுவதும் சூரியன் எழும் எல்லைக்குள் அந்த வரிசை அடங்கிவிடும். எந்த இடைவெளியில் சூரியன் எழுகிறதோ, அதை வைத்து நாளைச் சொல்லலாம். கருவி எதுவும் இல்லாமல் அடிவானத்தையே நாள்காட்டி ஆக்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

சரி, ஏன் இப்படி நகர்கிறது? பூமி தன் அச்சில் 23.4 பாகை சாய்ந்தபடி சுழல்கிறது. சூரியனைச் சுற்றி எங்கே போனாலும் அந்த அச்சு வானில் ஒரே திசையைத்தான் காட்டும். அதனால் ஜூனில் வடமுனை சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் தென்முனை. நம் கண்ணுக்கோ, சூரியன்தான் ஆறு மாதம் வடக்கே ஏறி, ஆறு மாதம் தெற்கே இறங்குவதுபோல் தெரிகிறது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே வானில் 47 பாகை அகலத்தில் ஒரு பட்டை. சூரியனின் தினசரிப் பாதைகள் எல்லாம் அதற்குள்தான்.

இனி அடிவானம் அந்தப் பட்டையை எப்படி வெட்டுகிறது என்று பாருங்கள். நிலநடுக்கோட்டில் சூரியன் செங்குத்தாக எழுகிறது, வெட்டும் நேராக விழுகிறது. உதயப்புள்ளிகள் பரவியிருக்கும் அளவும் அதே 47 பாகைதான். தள்ளிப் போகப் போக வெட்டு சரிவாகிறது. ஒரு குச்சியைச் சாய்த்து வெட்டினால் வெட்டுமுகம் நீளும் அல்லவா? அப்படித்தான் 60 பாகை அட்சரேகையில் அந்த அளவு ஏறக்குறைய 105 பாகையாக விரிந்துவிடுகிறது. அங்கே ஜூன் மாத உதயத்தை வடகிழக்கு என்று சொல்வதுகூடப் போதாது, அதையும் தாண்டி வடக்கே போயிருக்கும். மறைவும் இதே கணக்குதான், மேற்குப் பக்கத்தில்.

முடிக்குமுன் ஒன்று. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், அடிவானத்தில் நாம் காணும் சூரியன் தன் உண்மையான இடத்தைவிட அரைப் பாகைக்குச் சற்று மேலாக உயர்ந்து தெரிகிறது. மாலையில் அதன் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடும்போது, உண்மையில் முழுச் சூரியனும் ஏற்கெனவே கீழே போயிருக்கும். காலையிலும் அப்படியே, சாய்ந்த பாதையில் ஏறிவருவதை நாம் சற்று முன்னதாகவே பார்த்துவிடுகிறோம். ஆகவே வட அரைக்கோளத்தில், அந்த மார்ச் நாளில்கூட, சூரியன் எழுவது நேர்கிழக்கிலிருந்து ஒரு மயிரிழை வடக்கே.