கோழி வாலைத் தொங்கப் போட்டால்

வணக்கம். கோழி முட்டையிடவில்லை என்றால் நம்மூரில் ரெண்டே தீர்ப்புதான். ஒன்று அடைக்கு வந்திருக்கிறது, இல்லையென்றால் குழம்புக்கு வந்திருக்கிறது. போன ஐப்பசி மழையில் எங்கள் செவலைக் கோழி கூட்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தபோது பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பார்த்துவிட்டு, "அடைதான், தண்ணியில முக்கி விடுங்கோ" என்றார்.

அடைக்கோழி அப்படி நடக்காது. கூட்டிலேயே அழுந்திக் கிடக்கும், கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். செவலையோ வாலைத் தொங்கப் போட்டு, உடம்பை நிமிர்த்தி, நின்று நின்று முக்கிக்கொண்டிருந்தது, தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. முட்டை உள்ளே சிக்கிவிட்டது. ஒரு நாளுக்குமேல் இப்படி விட்டால் கோழி செத்தே போகலாம்.

மைனி சொன்ன தண்ணீர் சரிதான், ஆனால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வயிறு நனையும் அளவுக்கு வாளியில் ஒரு கால் மணி நேரம் பிடித்துவைத்து, துடைத்து, முட்டை வரும் வழியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான சூடான மூலையில் விட்டேன். வயிற்றை அழுத்தவே கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் சீழ் பிடித்துவிடும். சாயங்காலம் முட்டை வந்தது, ஓடே இல்லாத தோல்முட்டை. வராமல் போயிருந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

தோல்முட்டையைப் பார்த்ததும்தான் குற்றம் என்னுடையது என்று புரிந்தது. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம், அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போகிறது, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. நானோ பழஞ்சோறும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) போட்டே வளர்த்தேன். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் கிடக்கும் சிப்பியைக் கழுவிக் காயவைத்து, இடித்து, தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், தேவையானதை அதுவே சாயங்காலம் கொத்திக்கொள்ளும். தீனியில் கலக்காதீர்கள், குஞ்சுகளுக்கு அதிகச் சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நிற்பது சகஜம், பயப்பட வேண்டாம்.

ஆனால் தூங்கி விழுந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகினால் அது வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்பார்கள். வைரஸ் நோய், வந்தபின் குணமாக்கும் மருந்து கிடையாது, மஞ்சளும் வெங்காயமும் காப்பாற்றாது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி, இந்த ரெண்டையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். சீக்குக் கோழியைத் தனியாக அடையுங்கள், செத்ததை ஓடையில் எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நம்மூர் மழைக்கு ஓடைத் தண்ணீர் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டு வாசலில்தான் போய் நிற்கும்.