புதுக் கிராபிக்ஸ் கார்டு, பழைய கணினி: திரை எந்த நேரத்தில் இருளுகிறது?

(காட்சி: பக்கத் தகடு கழற்றிய பழைய டெஸ்க்டாப். கார்டின் விசிறிகள் சுற்றுகின்றன. மானிட்டரில் "சிக்னல் இல்லை".)

"அண்ணே, புதுக் கார்டு மாட்டிட்டேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணுமே வரல. கார்டு செத்துப் போச்சா?"

கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரோச்சோருக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைத்தொகுதியில் கடைக்காரர் அதைத் தன் கணினியில் செருகுவார், பளிச்சென்று படம் வரும், "கார்டு நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் உண்மையாகவும் இருக்கும். புதுக் கார்டு பழைய பெட்டியில் முரண்டு பிடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பெட்டியைத்தான்.

பெட்டிக்குள் எங்கே தேடுவது? திரை எந்த நேரத்தில் இருண்டது என்று பாருங்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்தே இருட்டா? லோகோ வந்து, விண்டோஸ் வட்டம் சுற்றி, பிறகு இருட்டா? அல்லது எல்லாம் ஒழுங்காக ஓடி, கேமைத் திறந்த பிறகு இருட்டா? இந்த மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். இது தெரியாமல் டிரைவரை, அதாவது விண்டோஸையும் கார்டையும் பேசவைக்கும் மென்பொருளை, மாற்றி மாற்றி ஏற்றுவது வீண் வேலை.

(திரையில்: முதல் இருட்டு. லோகோவே வரவில்லை.)

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? பழைய பழக்கத்தில் மதர்போர்டின் துளையிலேயே விட்டிருப்போம். அது புதுக் கார்டில் இருக்க வேண்டும். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால், புதுக் கார்டுகளில் அந்தத் துளையே கிடையாது. டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் மலிவான மூக்கும் உதவாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குச் சிக்னலையே மாற்றித் தரும் அடாப்டர் வேண்டும், உள்ளே சிறு சிப் இருக்கும் வகை.

அடுத்து, சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். ஸ்லாட்டில் தூசி இருந்தால் ஊதி எடுத்துவிட்டு, பின்முனைக் கொக்கி "டிக்" என்று விழும்வரை நேராக அழுத்திச் செருகுங்கள். கனமான கார்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு பாதி மட்டும் உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம்.

இனி மின்சாரம். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் முடிகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

(காட்சி: பவர் சப்ளையின் ஸ்டிக்கர், நெருக்கத்தில்.)

கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கேபிள் வழியாக வர வேண்டும்: 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் 150 வாட். கார்டில் துளை இருந்தும் கேபிள் செருகாவிட்டால், விசிறி சுற்றினாலும் படம் வராமல் போகலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 12 வோல்ட் வரும் பக்கம் இரண்டிலும் நேர் எதிர். நான்கும் நான்குமாகப் பிரிந்தால் அது பிராசசருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கார்டுக்கு. இறுக்கமாக இருக்கிறதே என்று அமுக்கித் திணிக்காதீர்கள். அதே போல, கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை என்றால், வேறு ஒன்றின் கேபிளை இதில் போடவே கூடாது. கார்டு பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி அமைத்திருக்கும். டிராயரில் கிடந்த கேபிளால் நல்ல கார்டு கருகிய கதைகள் நிறைய.

அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்களைக் கேரோசல் என்ற விற்பனைச் செயலியில் வாங்கி மகனுக்கோ மகளுக்கோ கேமிங் கணினி ஆக்குவது இங்கே பலர் செய்வதுதான். நல்ல யோசனை, சிக்கனமும்கூட. ஆனால் அந்தப் பெட்டிகள் எக்செல் தாளுக்காகப் பிறந்தவை. உதாரணத்துக்கு டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. அதன் மினி டவரில் இருப்பது 290 வாட் பவர் சப்ளை, சிறிய உடலில் 255 வாட். நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர் 84 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு போட்டால் அது 115 வாட். டிஸ்க், ரேம், விசிறி எல்லாம் சேர்த்து இன்னொரு 40, 50. கூட்டிப் பார்த்தால் 250. "அப்போ போதுமே!" என்று தோன்றும். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் சராசரியைத் தாண்டி இழுக்கும். பத்து வருடம் ஓடிய பவர் சப்ளை முதல் நாள் தந்ததை இன்று தராது. என்விடியா அந்தக் கார்டுக்கு 550 வாட் பரிந்துரைப்பது இதையெல்லாம் சேர்த்துத்தான். தவிர, அந்த 9020இன் பவர் சப்ளையில் கார்டுக்கான கேபிளே கிடையாது.

உடனே கைக்கு வருவது, டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா முனையிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர். சில வெள்ளிதான், அழகாகப் பொருந்தும். தயவுசெய்து வேண்டாம். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு 3 பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். மறுமுனையில் கார்டு 150 வாட் இருக்கிறது என்று நம்பி இழுக்கும். உருகப்போவது அந்தப் பிளாஸ்டிக்.

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்றால் 12 பெருக்கல் 18, 216 வாட். கார்டும் பிராசசரும் அதற்குள்தான் பங்கு போட வேண்டும்.

பவர் சப்ளையை மாற்றலாம் என்றால், அதே ஆப்டிபிளெக்ஸில் மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் அல்ல, 8 பின். இடையில் மாற்றுக் கேபிள் வேண்டும். சிறிய உடல் என்றால் வழக்கமான பவர் சப்ளை உள்ளே நுழையவே நுழையாது. அப்படிப்பட்ட பெட்டிக்கு என் சிபாரிசு, கேபிளே கேட்காத கார்டு. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 வெறும் 70 வாட். குள்ள வடிவத்திலும் கிடைக்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 இன்னும் சாது, 53 வாட். ஆனால் தரவு போய்வர ஸ்லாட்டில் இருக்கும் 16 தடங்களில் 4ஐ மட்டுமே அது பயன்படுத்தும். பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் அந்த நாலு தடத்தின் வேகமும் பாதியாகும். வீடியோவை என்கோட் செய்யும், அதாவது பதிவாகும்போதே சுருக்கும் பகுதியும் அதில் இல்லை. யூடியூபுக்குக் கேம் பதிவு செய்யும் ஆசை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

(திரையில்: மின்சாரம் சரி. இன்னும் இருட்டு.)

இப்போது பயாஸ், அதாவது கணினி கிளம்பியதும் முதலில் ஓடும் மதர்போர்டின் நிரல். விண்டோஸ் வருவதற்கு முன்னால் திரையில் படம் காட்டுவது, கார்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு நிரல். அதுவும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் முறை 2012ஐ ஒட்டி மாறியது. அதற்கு முந்தைய போர்டுகளில் பழைய பயாஸ், பிந்தையவற்றில் அதன் வாரிசான யூஇஎஃப்ஐ. இடைக்காலப் போர்டுகள் சிஎஸ்எம் என்ற பெயரில் பழைய முறையையும் வைத்திருக்கும். புதுக் கார்டு, சிஎஸ்எம் ஆன் செய்த போர்டு என்றால் சில நேரம் ஒத்துப்போகாது.

புதுக் கார்டைக் கழற்றுங்கள். பழைய கார்டிலோ மதர்போர்டின் துளையிலோ மானிட்டரை மாட்டி, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து கடைசி பயாஸை ஏற்றுங்கள். பிறகு சிஎஸ்எம்மை ஆஃப் செய்யலாம். ஆனால் ஆஃப் செய்யும் முன், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறதா, புதிய ஜிபிடி முறையிலா என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் ஆஃப் செய்ததும் விண்டோஸே கிளம்பாது. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

இந்தத் தகராறு கற்பனையல்ல. ஆர்டிஎக்ஸ் 5060 வரிசையில் மறுதொடக்கத்தின்போது திரை இருளும் கோளாறுக்கு என்விடியாவே 2025இல் கார்டின் உள்நிரலைப் புதுப்பிக்கும் கருவி வெளியிட்டது. கைமாறி வந்த என்விடியா 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கும் டிஸ்பிளேபோர்ட் மானிட்டரோடு இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு, அதற்கும் கருவி இருக்கிறது. அதை ஓட்டும்வரை எச்டிஎம்ஐயில் மாட்டிப் பாருங்கள்.

(திரையில்: இரண்டாம் இருட்டு. லோகோ வந்தது, விண்டோஸில் போய்விட்டது.)

இது நல்ல செய்தி. லோகோ தெரிந்துவிட்டதால் கார்டும் போர்டும் அடிப்படையில் ஒத்துப்போகின்றன. இனி டிரைவர்தான். விண்டோஸ் பொத்தானோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், டிரைவர் புதிதாகக் கிளம்பும். வரவில்லையா? விண்டோஸை அடிப்படை டிரைவர்களோடு மட்டும் கிளப்பும் சேஃப் மோடில் நுழைந்து, டிடியு என்ற இலவச நிரலால் பழைய கார்டின் டிரைவரை வேரோடு எடுங்கள். அந்த நேரத்தில் வைஃபையை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரை இழுத்துப் போட்டுவிடும். அதன்பின் நிறுவனத் தளத்திலிருந்து புது டிரைவர். விண்டோஸ் 7 வைத்திருந்தால் இந்தக் கார்டுகளுக்கு வழியில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

(திரையில்: மூன்றாம் இருட்டு. கேம் நடுவில்.)

கணினி சட்டென்று அணைந்து தானே மறுபடி கிளம்புகிறதா? விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருக்கும். மின்சாரம் திடீரென்று போனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச நிரலில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். அணையவில்லை என்றால் கை நீள வேண்டியது பவர் சப்ளையை நோக்கி. காசு செலவில்லாத சோதனை, பதிலும் பெரும்பாலும் தெளிவு.

கணினி அணையாமல் திரை மட்டும் கோடுகோடாகிப் போனால் சூட்டைப் பாருங்கள். ஏர்கான் போடாத வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் மதியம் 30 டிகிரிக்குக் குறையாது. மேசைக்கடியில் சுவரோடு ஒட்டிய பெட்டிக்கு அந்தக் காற்றுகூடப் போகாது. பக்கத் தகட்டைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இன்டெல் ஆர்க் கார்டு வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. படம் வரும், ஆனால் வேகம் வராது. பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் அது நொண்டும். இன்டெல்லே தன் பத்தாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் பரிந்துரைக்கிறது.

(காட்சி: கார்டு பெட்டியும் ரசீதும்.)

எல்லாம் பார்த்தும் இருட்டுதானா? நண்பர் வீட்டுப் புதுக் கணினியில் கார்டை மாட்டிப் பாருங்கள். அங்கேயும் படம் வரவில்லை என்றால் இப்போது ரோச்சோருக்குக் கிளம்பலாம், ரசீதோடு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து "லெமன் லா" நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு வெளிப்பட்டால், பொருளைத் தந்தபோதே அது இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. ஆனால் நண்பர் கணினியில் படம் வந்துவிட்டால், அது கோளாறான பொருள் அல்ல. உங்கள் பவர் சப்ளைக்குப் பொருந்தாததைக் கடையின் தலையில் கட்ட முடியாது. அதனால் வாங்கப் போகும் முன்பே பவர் சப்ளை ஸ்டிக்கரையும், ஸ்லாட் இருக்கும் இடத்தையும், பெட்டியின் உள்நீளத்தையும் போனில் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

கேரோசலில் தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் துணைக்கு வராது, அது வியாபாரிகளுக்குத்தான். பழைய சிப்பின் உள்நிரலை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிக் கார்டுகளும் சந்தையில் சுற்றியிருக்கின்றன. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலை ஒரு தம்ப் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள், நிறுவ வேண்டியதில்லை, அப்படியே ஓடும். தனக்குத் தெரிந்த போலி என்றால் கார்டின் பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிக் காட்டிவிடும். விற்பவர் வீட்டுக் கணினியிலேயே அதைத் திறந்து பார்த்து, ஒரு கேமையும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு பேநவ்வில் பணம் அனுப்புங்கள்.