கியர் பொக்ஸுக்கு எந்த ஒயில்?

வணக்கம் நேயர்களே. கியர் ஒயில் வாங்கக் கடைக்குப் போனால் பலர் கேட்பது, "நல்ல தடிப்பான ஒயிலாத் தாங்க" என்பதுதான். தடிப்பைப் பிறகு பார்க்கலாம். கேனின் பின்பக்கத்தில் ஏ.பி.ஐ. (ஒயிலின் தரத்தை வகுக்கும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஜீ.எல். 4 என்றிருக்கிறதா, ஜீ.எல். 5 என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இலக்கம் கூடினால் தரமும் கூடும் என்று 5ஐத் தூக்கி வருபவர்கள் உண்டு. அது தவறு. ஜீ.எல். 5 முக்கியமாகப் பின் அச்சிலுள்ள டிபரன்ஷலுக்கானது, அதாவது இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுத் தொகுதிக்கானது. அங்கே பற்கள் கடும் அழுத்தத்தில் வழுக்கி உரசுவதால், கந்தகமும் பொஸ்பரசும் அடங்கிய சேர்மானத்தை ஜீ.எல். 4ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு போடுகிறார்கள். மனுவல் கியர் பொக்ஸுக்குள் இருக்கும் சின்குரோ வளையங்கள் அநேகமாகப் பித்தளை. சூடேறும்போது அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கும். இப்போது வரும் ஜீ.எல். 5 பலவற்றில் அரிப்புக் குறைவு, உண்மைதான். ஆனாலும் ஒயில் அளவுக்கு மேல் வழுக்கும் பிரச்சினை இருக்கிறது. வளையம் பற்சில்லை உரசிப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தினால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். பிடி நழுவினால் இரண்டாம் கியரில் 'கறக்' என்று கேட்கும். கிளட்சில்தான் பழுது என்று கிளட்ச் பிளேற்றை மாற்றினாலும் அந்தச் சத்தம் போகாது.

விதிவிலக்குகளும் உண்டு. பழைய டொயோட்டாக்கள் சிலவற்றுக்கு 4, 5 இரண்டையுமே கைநூல் அனுமதிக்கிறது. ஹொண்டாவுக்கு எம்.டி.எஃப். என்று தனி ஒயில். வேறு சில மனுவல் பெட்டிகளுக்கு ஏ.டி.எஃப். எனும் ஓட்டோமெற்றிக் கியர் ஒயிலை ஊற்றவேண்டும். கைநூல் சொல்வதற்கு மேல் கடைக்காரர் பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். சீ.வீ.ரீ. (தனித்தனிக் கியர்கள் இல்லாத ஓட்டோமெற்றிக் வகை) கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒயில்கள் எதையும் தொடவே கூடாது.

இனித் தடிப்பு. 75டபிள்யூ-90 என்பதில் முதல் எண் கடுங்குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுவது. மார்கழி விடியலிலும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அந்தக் குளிர் வராது. ஆகவே 75டபிள்யூ-90 கிடைக்காவிட்டால் ஜீ.எல். 4 தரத்தில் 80டபிள்யூ-90 இங்கே தாராளமாகப் போதும். சூடேறிய ஒயிலின் தடிப்பைக் காட்டும் பின் எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். பின் எண் 80 கேட்கும் பெட்டிக்கு 140 ஊற்றினால் காலையில் கியர் இறுகும், எரிபொருளும் வீணாகும். 90 என்ற எண்ணைப் பார்த்து மிரளவும் தேவையில்லை. கியர் ஒயிலின் அளவுகோல் வேறு. 75டபிள்யூ-90இன் தடிப்பு ஏறத்தாழ 10டபிள்யூ-40 என்ஜின் ஒயிலின் தடிப்புத்தான்.

மாற்றும்போது காரைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். ஒயில் ஊற்றும் நட்டைத்தான் முதலில் கழற்றவேண்டும். வாவியோர உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும்; கீழ் நட்டைக் கழற்றி ஒயிலை வடித்த பிறகு மேல் நட்டுத் திறக்காவிட்டால் கார் அங்கேயே நிற்கவேண்டியதுதான். கீழ் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழமையான தேய்மானம். நகத்தளவு இரும்புத் துண்டு கிடந்தால் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மாரி வெள்ளத்தில் ஓடிய வாகனங்களில் இது நடக்கும்: சூடான பெட்டி தண்ணீர் பட்டுத் திடீரெனக் குளிர, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, காற்றுப்போகும் குழாயால் வெள்ளத்தை உறிஞ்சிவிடும். அப்படியானால் புது ஒயிலை ஊற்றிச் சிறிது தூரம் ஓடி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களுக்கு 2 லீற்றர் அளவில் பிடிக்கும். பெரும்பாலானவற்றில் பக்கத் துளையின் விளிம்பால் வழியத் தொடங்கினால் மட்டம் சரி. பக்கத் துளை இல்லாதவற்றுக்குக் கைநூல் சொல்லும் அளவை அளந்தே ஊற்றவேண்டும். கூட ஊற்றினால் சீலைத் தாண்டிக் கிளட்சுக்குப் போகலாம். இரு நட்டுகளுக்கும் புது வொஷர் போடுங்கள். இரண்டு நாள் ஓடியபின் கீழே குனிந்து நட்டைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். விரல் நனைந்தால், இன்னும் இறுக்கி அலுமினிய மரையைக் கெடுக்காமல், வொஷரைத்தான் மாற்றவேண்டும்.