பிள்ளைக்குப் பிள்ளை பிறக்குமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மரபணு ஆலோசகர். குரோமோசோம் ரிப்போர்ட்டில் இருப்பதைப் பெற்றோருக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் என் வேலை. ரிப்போர்ட்டில் பெண் பிள்ளைக்கு டர்னர் என்றோ பையனுக்குக் கிளைன்ஃபெல்டர் என்றோ குரோமோசோம் குறைபாடு வந்திருந்தால் உயரம், இதயம், படிப்பு எல்லாம் பேசி முடித்து எழுந்து கதவு வரை போன பிறகு அம்மாவோ பாட்டியோ திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், "இவளுக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்குமா?" என்று. அந்த 'இவள்' பக்கத்திலேயே நின்று என் ஸ்டேப்ளரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏழு வயது.

டர்னரில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுசாகவோ கொஞ்சமாகவோ குறைந்திருக்கும். ஏறக்குறைய 2000 முதல் 2500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி. கருமுட்டைகள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடும், அப்புறம் புதிதாக வராது. டர்னரில் இந்தக் கையிருப்பு படுவேகமாகக் கரையும், பலருக்கு வயதுக்கு வரும் முன்பே தீர்ந்துபோகும். சில செல்களில் இரண்டு எக்ஸும் சரியாக இருக்கும் மொசைக் வகை என்றால் கொஞ்சம் மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனை அதற்கு ஒரு கணக்குக் கொடுக்கும்.

வயதுக்கு வந்த பெண் என்றால் சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டு, முட்டைகளை எடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கலாம். இன்னும் வயதுக்கு வராத சிறுமிக்கு அது முடியாது, லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளை போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை மூலம் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைப்பதுதான் வழி. அப்படி வைத்த திசுவைத் திரும்பப் பொருத்தி முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது, ஆனால் அந்தத் தாய் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர். டர்னர் பெண்களுக்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. இருக்கிற கொஞ்சத்திலும் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். முட்டையைச் சேமித்துவிட்டால் கதை முடிந்தது என்றும் இல்லை. டர்னரில் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், கிழியும் ஆபத்து கர்ப்பத்தின்போது கூடும், அதனால் இதயத்தை முழுசாகப் பரிசோதிக்காமல் கர்ப்பத்துக்குப் போகக்கூடாது. சிலருக்கு வாடகைத் தாய்தான் பாதுகாப்பு.

பையன்கள் விஷயம் வேறு. கிளைன்ஃபெல்டரில் ஒரு எக்ஸ் கூடுதல், எக்ஸ் எக்ஸ் ஒய். பாதிப் பேருக்கு மேல் இது தெரியாமலே வளர்கிறார்கள், கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று டெஸ்ட்டுக்குப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. சின்ன வயதிலேயே தெரிந்துகொண்ட பெற்றோர்தான் பதறுகிறார்கள். மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் தேடி விந்தணு எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கும். பன்னிரண்டு பதிமூன்று வயதிலேயே செய்தால் அதிகம் பேருக்குக் கிடைக்கும் என்று முன்பு நினைத்தார்கள், அது உறுதியாகவில்லை, இளைஞனான பிறகு தேடினாலும் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துவிடுவதில்லை. பருவமடையாத பையனின் திசுவை உறைய வைப்பது வெறும் பரிசோதனை முயற்சி. ஆகவே பெண்ணுக்குக் கடிகாரம் ஓடுகிறது, பையனுக்குக் காத்திருக்கலாம். ஒன்று மட்டும்: டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மருந்து விந்தணு உற்பத்தியை அமுக்கிவிடும், ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள். அதற்காக, தேவைப்படும் பையனுக்கு மருந்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இதையெல்லாம் பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் அது. பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி, மொசைக், ஊசிக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். ரொம்ப நேரம் சுவரையே பார்த்துவிட்டு, "நான் வேண்டாம்னு சொன்னா அம்மா அழுவாங்களா?" என்றாள்.

அழுவாங்க, ஆனா அதை நான் பார்த்துக்கறேன் என்றேன். அம்மா அழத்தான் செய்தார். ஊசியைத் தள்ளிவைத்தோம், மூன்று மாதத்தில் மறுபடி ஏஎம்எச் பார்க்கிறோம் என்று முடிவானது. அடுத்த முறை அவளே ஒரு நோட்டில் ஒன்பது கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். முதல் கேள்வி, முட்டை எடுக்கும்போது வலிக்குமா என்பது.